அவன் கேட்டிருப்பானோ

முப்பத்திநாலு சதவீதம் என்று காட்டிக்கொண்டு நிற்கிறது. குளிக்கப் போகும்போது முப்பத்திநாலு, தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன், அப்பவும் முப்பத்திநாலு. அப்படித்தான் நிற்கும், தொடாதீங்க, மூடாதீங்க, வயரைப் பிடுங்காதீங்க, அது பாட்டுக்குத் தன்னைக் கழுவிக்கிட்டு இருக்கும் என்று ஹெப்சி போனில் சொல்லியிருக்கிறாள். என் மகள், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கழுவிக்கிட்டு இருக்கும் என்ற பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பாத்திரம் கழுவினால் சத்தம் கேட்கும், துணி துவைத்தால் நுரை வரும், இதில் ஒன்றும் இல்லை, கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வட்டமாகச் சுற்றுகின்றன, அவ்வளவுதான். சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டிலைத் தள்ளிவைத்து, ஒரு துண்டை விரித்து அதன்மேல் லேப்டாப்பை வைத்திருக்கிறேன், காய்ச்சல்காரப் பிள்ளையைக் கிடத்தினதுபோல. உள்ளே இருக்கிறதெல்லாம் அழிந்துவிடும், வாங்கின அன்றைக்கு இருந்ததுபோல் ஆகிவிடும், நேற்று நுழைந்தவன் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் போய்விடுவான் என்கிறாள். போய்விடுவானா. வீட்டுக்குள் ஒருத்தன் வந்து போனால் தரையைக் கழுவிவிடலாம், அவன் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் எதைப் போட்டுக் கழுவ. பணம் போகவில்லை. நேற்று சாயங்காலமே ஹெப்சி என்னைப் பேங்குக்குப் பேசவைத்து, கணக்கை நிறுத்திவைத்து, ஒரு பைசா வெளியே போகலம்மா என்று பேங்குப் பெண் வாயால் கேட்டாயிற்று, ஸ்தோத்திரம். எனக்குப் பயம் பணத்தில் இல்லை. வயலட்டின் குரலில் இருக்கிறது.

எங்கள் கோயிலில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஜெபக் குறிப்பு வாங்குகிறவள் நான். யாருக்கு என்ன பாரமோ அதை வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி எனக்கு அனுப்புவார்கள். பொதுவில் சொல்லலாம் என்றால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொல்லி எல்லாருமாக ஜெபிப்போம், புஷ்பக்கா இது உங்களுக்கு மட்டும் என்று சொன்னால் எனக்கும் மேலே இருக்கிறவருக்கும் மட்டும். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு யார் பதவி கொடுப்பார்கள், இது ஒன்றுதான் எனக்குக் கொடுத்த பதவி, இதில் நான் இதுவரை யாரிடமும் வாய் தவறினது கிடையாது. ஹெப்சி அப்பா இருந்த காலத்தில் அவுககிட்டக்கூடச் சொன்னதில்லை, என்னட்டி மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு என்று கேட்பார்கள், ஒண்ணுமில்ல என்பேன், சரி சங்கத்து ரகசியமா என்று சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வயலட் அனுப்பினாள். என் போனில் ஸ்பீக்கர் கரகரக்கும், அதனால் சாயங்கால ஆராதனை முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, லேப்டாப்பில் வாட்ஸ்அப்பைத் திறந்து இந்த மேசையில்தான் கேட்டேன். அக்கா, மொட்டைமாடியில நின்னு பேசுதேன், சத்தமாப் பேசமுடியாது. மாரில ஒரு கட்டி. டாக்டரம்மா ஊசி குத்தி எடுத்துப் பாக்கணும்னு சொல்லிட்டாங்க, வியாழக்கிழமை. எங்க வீட்டுல அவுகளுக்குக்கூடத் தெரியாது. ஷைனிக்கு இன்னைக்குத்தான் முதல் கல்யாண ஓலை வாசிச்சிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா, தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும்னு நிறுத்திருவாங்கக்கா. நீங்க மட்டும் ஜெபம் பண்ணுங்க. அவ்வளவுதான் குரல், பின்னால் யாரோ வீட்டு நாய் குரைக்கிறது. அன்று காலையில் எங்கள் சபைப் போதகர் ஐயர் பீடத்தில் நின்று ஷைனியின் பெயரையும் அந்தப் பையனின் பெயரையும் வாசித்து, தடை சொல்கிறவர்கள் உண்டா என்று கேட்டபோது வயலட் பாடகர் குழுவில் நின்றுகொண்டிருந்தாள், சேலைத் தலைப்பை மார்போடு இழுத்துப் பிடித்திருந்தாள், சந்தோஷத்தில் நிற்கிறாள் என்றல்லவா நினைத்தேன். இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும். நாளைக்கு வியாழக்கிழமை.

அவன் கேட்டிருப்பானோ. கேட்டிருந்தால் சேர்த்து வைத்திருப்பான், சேர்த்து வைத்திருந்தால் அனுப்புவான், சொன்னானே, உன் வாட்ஸ்அப் பூராவும் என் கையில இருக்கு, ஊருக்கே அனுப்புறேனா இல்லையா பாரு என்று. இல்லை, அந்தக் கடைசிப் பேச்சுக்கு இப்போது போகக்கூடாது, முதலில் இருந்து நினைத்துப் பார்க்கவேண்டும், எந்த இடத்தில் எதைத் திறந்தான் என்று ஞாபகத்துக்கு வருகிறதா பார்ப்போம். நேற்றுக் காலை வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்காக ஒரு பாட்டின் மூன்றாம் சரணத்தைத் தேடினேன். எதையோ தொட்டேன். திரை முழுக்கச் சிவப்பு, உள்ளே இருந்து ஆம்புலன்ஸ் மாதிரி சத்தம், உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, அணைக்காதீர்கள், இந்த நம்பரைக் கூப்பிடுங்கள். அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடும் என்ற வெட்கத்தில் முதலில் அதன்மேல் ஒரு தலையணையை வைத்து அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே நம்பரைப் போட்டேன். நானே கூப்பிட்டேன், அவன் கூப்பிடவில்லை, அது ஹெப்சிக்குத் தாங்கவில்லை. எடுத்ததும் நான் என் பழக்கத்தில் ஸ்தோத்திரம் என்றேன். ஒரு நொடி சத்தமில்லை. பிறகு, ஸ்தோத்திரம் அம்மா, நான் டேனியல் பேசுறேன், பயப்படாதீங்க என்றான். எவ்வளவு ஆறுதலாக இருந்தது. ஏம்மா, நீங்க வணக்கம்னு சொல்லியிருந்தா செந்தில் பேசுறேன்னிருப்பான், சலாம் சொல்லியிருந்தா ரஹீமு, இதுகூடவா தெரியாது என்று ஹெப்சி நேற்று கேட்டாள். தெரியாது. டேனியல் என்றான், டேனியல் என்று எடுத்துக்கொண்டேன். இருமினான். நல்ல நெஞ்சு இருமல், அது பொய்யில்லை, இரண்டு பிள்ளைகளை வளர்த்த எனக்குத் தெரியாதா எது பொய் இருமல் என்று. மிளகைத் தட்டிப் போட்டுக் குடி தம்பி என்றேன், குடிக்கிறேம்மா என்றான். எந்த வேலையும் ஜெபம் பண்ணாமல் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை, சங்க அறையில் ஃபேன் மாட்ட வந்தவரைக்கூட ஏணியில் ஏறவிடாமல் நிறுத்தி ஜெபித்திருக்கிறேன், அவரும் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அதேபோல, தம்பி, ஒரு நிமிஷம், ஜெபித்துவிட்டுத் தொடங்குவோம் என்று சொல்லி, ஆண்டவரே, இந்த டேனியல் தம்பியின் கையை ஆசீர்வதியும், அவர் நெஞ்சுச் சளியைக் குணமாக்கும் என்று ஜெபித்தேன். ஆமென் என்றான். அந்த ஆமெனுக்குப் பிறகு அவன் என்ன சொன்னாலும் செய்தேன். இதை இறக்குங்கம்மா, இறக்கினேன். நம்பரை வாசிங்கம்மா, வாசித்தேன். நான் தொடாமலே அம்பு தானாக நகர்ந்தது, பேங்குப் பக்கம் திறந்தது, அப்புறம் திரை கறுத்துப்போயிற்று. உள்ளே சுத்தம் பண்றோம்மா, கொஞ்ச நேரம் ஆகும், நீங்க உங்க வேலையைப் பாருங்க.

என் வேலையைப் பார்த்தேன். சின்ன வெங்காயம் உரித்தேன். கறுத்த திரைக்கு இந்தப் பக்கம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டும், அந்தப் பக்கம் அவன் என்னத்தையெல்லாமோ துழாவிக்கொண்டும், இருவரும் ஒருவருக்கொருவர் பேசாமல், நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது. ஒரு குழம்புக்கு உரித்து, போதாதென்று நாளைக்கும் சேர்த்து உரித்தேன், அவ்வளவு நேரம். அப்போது கரண்ட் போயிற்று. இந்த லேப்டாப்புக்குப் பேட்டரி செத்துப்போய் வருஷமாகிறது, வயர் இருந்தால்தான் உயிர், கரண்ட் போன நொடியே அதுவும் போயிற்று. எனக்கு எவ்வளவு வருத்தம், பாவம் அந்தப் பையன் பாதி வேலையில் நிற்கிறானே என்று. கண்ணை மூடி ஜெபித்தேன், கரண்டைச் சீக்கிரம் தாரும் ஆண்டவரே. தரவில்லை. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வரும் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். நான் கேட்டதைக் கொடுக்காததற்கு இப்படி ஸ்தோத்திரம் சொல்லும் நாள் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும். அவன் மறுபடி கூப்பிட்டான். கரண்ட் இல்லை தம்பி என்றேன். பக்கத்து வீட்ல? அங்கேயும் இல்லை. சரி, போன்ல ஒண்ணு இறக்குங்க. போனில்தானே பேசுறேன், எப்படி இறக்க. கூப்பிடக் கூப்பிட அவன் குரலில் இருந்த அம்மா தேய்ந்துகொண்டே வந்தது, முதலில் அம்மா, பிறகு ஏம்மா, பிறகு அதுவும் இல்லை. நாலு மணிக்கு வந்துரும், நீ போய்ச் சாப்பிட்டு ரெஸ்ட் எடு தம்பி, சாயங்காலம் பார்ப்போம் என்று நான் சொன்னதும் அவனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, ஏ கிழவி என்றான். அதற்குப்பின் சொன்னதை நான் திரும்பச் சொல்லமாட்டேன், கடைசியில் சொன்னது மட்டும் இதுதான், உன் வாட்ஸ்அப் பூராவும் என் கையில இருக்கு. போனை வைத்துவிட்டு நின்றேன். வெங்காயத்தோல் ஃபேன் இல்லாமலே காலடியில் அசைகிறதுபோல் இருந்தது. ஹெப்சியைக் கூப்பிட்டேன்.

ஐம்பது காட்டுகிறது. நின்று பார்க்கும்போது நகராது, நினைப்பில் போய்விட்டு வந்தால் நகர்ந்திருக்கிறது, நல்ல மனுஷர்களும் சிலபேர் அப்படித்தான். ஃபேன் ஓடுகிறது, கரண்ட் இருக்கிறது. நேற்று வா என்று ஜெபித்தவள் இன்றைக்குப் போகாதே என்று ஜெபிக்கிறேன், கேட்கிறவருக்குச் சிரிப்பு வந்திருக்கும். லேப்டாப்பை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டி, இணையப் பெட்டியின் வயரையும் உருவிவிட்டுத்தான் நேற்றுப் படுத்தேன். ஹெப்சி கேட்டு, ஏம்மா அவன் என்ன ராத்திரி எழுந்து வந்து இட்லியா சுடப்போறான் என்றாள். இதோ அவளே கூப்பிடுகிறாள். “என்னம்மா, எவ்வளவு?” “அம்பது.” “நல்லது. எனக்கு மீட்டிங்குக்கு நேரம் இருக்கு, அதுக்குள்ள பாஸ்வேர்டெல்லாம் போன்லயே மாத்திருவோம். லேப்டாப்பைத் தொடக்கூடாது.” “சரி.” “அம்மா, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லணும். நேத்து உங்க மெயிலை எவனோ வேற ஊர்லேருந்து திறக்கப் பாத்திருக்கான். பாஸ்வேர்டை ஒரே தடவையில சரியாப் போட்டிருக்கான். நீங்கதானான்னு உங்க போனுக்குக் கேள்வி வந்திருக்கு, நீங்க பதில் சொல்லல, அதனால கதவு திறக்கல. பாஸ்வேர்டை அவன்கிட்ட சொன்னீங்களா?” “சத்தியமா இல்ல மக்களே, அவன் கேக்கவே இல்ல.” “கேக்காம எப்படித் தெரியும்? என்ன வச்சிருந்தீங்க?” என்ன வைத்திருந்தேன், வருஷா வருஷம் வைக்கிறதைத்தான். புது வருஷத்தன்று உடன்படிக்கை ஆராதனையில் எல்லாருக்கும் அந்த வருஷத்து வாக்குத்தத்தம் என்று ஒரு வேத வசனத்தை அட்டையில் தருவார்கள். வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு, மெயில், பேங்கு, லேப்டாப் எல்லாவற்றுக்கும் அந்த வசனத்தின் எண்ணைப் போட்டு மாற்றிவிடுவேன். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் வசனம் ஞாபகம் வருமே. “வாக்குத்தத்தம்” என்றேன். “எது, உங்க லேப்டாப்பைத் திறந்தா ரோஜாப்பூ போட்டு பெருசா எழுதியிருக்கே, அதா?” “ஆமா.” “கோயில் காலண்டர்ல இருக்கே, அதா? உங்க வாட்ஸ்அப் முகப்புப் படத்துல இருக்கே, அதா?” “ஆமாட்டி.” “அம்மா! சபையில இருக்க முந்நூறு பேருக்கும் உங்க பாஸ்வேர்டு தெரியும்மா. ஐயரம்மா நெனச்சா உங்க பேங்கையே காலி பண்ணிரலாம்!” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்துவிட்டது, பிறகு எனக்கு மட்டும் நின்றுபோயிற்று, ஏனென்றால் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த ரோஜாப்பூப் படத்தைப் பார்த்து அவன், படம் நல்லாருக்கும்மா என்றானே. நான் ஆண்டவரைப் பற்றிச் சாட்சி சொன்னேனே. இது எங்க வருஷத்து வாக்குத்தத்தம் தம்பி, இதைத்தான் எல்லாத்துக்கும் பாஸ்வேர்டா வச்சிருக்கேன், ஒவ்வொரு தடவையும் ஆண்டவர் ஞாபகம் வரும், நீயும் அப்படி வச்சுக்கோ. ஒரு ஆத்துமாவுக்குச் சாட்சி சொன்னேன் என்று அந்த நேரம் எவ்வளவு நிறைவாக இருந்தது. ஹெப்சியிடம் சொன்னேன். அந்தப் பக்கம் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. “ஹெப்சி?” “இருக்கேன். தலையை மேசையில வச்சிருக்கேன். பக்கத்து சீட்டுப் பொண்ணு உடம்பு சரியில்லையான்னு கேக்குறா.”

மாற்றினோம். சாமி சம்பந்தமில்லாம, உங்க பேரு, பிள்ளைங்க பேரு, ஊரு இல்லாம, ஒண்ணுக்கொண்ணு சேராத நாலு சாமானோட பேரை வைங்க, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற என்றாள். சாமி சம்பந்தமில்லாத சாமான் எது, எல்லாம் அவர் கொடுத்ததுதானே, இருந்தாலும் சமையலறையைச் சுற்றிப் பார்த்து வைத்தேன். “வச்சிட்டேன், சொல்லட்டுமா?” “என்கிட்டயும் சொல்லாதீங்க.” சுருக்கென்றது. நான் பெற்ற பிள்ளையிடம் சொல்லக்கூடாது என்று அவளே சொல்கிறாள். ஆனால் நான் அவள் அப்பாவிடம் சொல்லாமல் எத்தனை வைத்திருந்தேன், அதுவும் இதுவும் ஒன்றுதானே, சொல்லாமல் இருப்பதும் ஒரு காவல்தானே. அந்தக் காவலில்தானே ஓட்டை விழுந்து கிடக்கிறது. இப்போது கேட்டுவிட வேண்டும். வயலட் பெயரைச் சொல்லாமல் கேட்க வேண்டும். “ஏட்டி, அவன் வாட்ஸ்அப்ல உள்ளதெல்லாம் பாத்திருப்பானோ?” “எதை, உங்க குட்மார்னிங் பூவையா? பாத்துட்டுத் திருந்தியிருப்பான்.” “அதில்ல. குரல்ல பேசினதெல்லாம் இருக்கும்லா.” “யார் பேசினது?” “சங்கத்துல பேசினது.” “யாரும்மா?” “அது உனக்கெதுக்கு.” அவள் குரல் மாறிவிட்டது, கேலி போய்விட்டது, என் பிள்ளைக்கு என் குரலில் எங்கே பயம் இருக்கிறது என்று தெரியும். சின்னதிலிருந்தே நான் ஜெப அறையிலிருந்து வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் ஹோம்வொர்க் எடுத்து உட்காருவாள். “சரி, யாருன்னு கேக்கல. வாட்ஸ்அப்பைத் திறங்க. மேல மூணு புள்ளி இருக்கா? அதை அழுத்துங்க. இணைச்ச சாதனங்கள்னு வரும், அதுக்குள்ள போங்க.” அழுத்துங்க, போங்க, நேற்று அவன் சொன்னதும் இதே சொற்கள்தான். விரல் தயங்கிற்று, இது என் மகள்தானே, மகள்தான், மூக்கால் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கிறது. அழுத்தினேன். “என்ன காட்டுது?” “லேப்டாப் பேரு காட்டுது.” “அது ஒண்ணுதானா, வேற எதுவும் இருக்கா?” “ஒண்ணுதான்.” “அதுக்குக் கீழ சின்னதா, கடைசியா எப்ப திறந்ததுன்னு போட்டிருக்கும். வாசிங்க.” கண்ணாடியைத் தேடினேன், தலையில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தது. மறுபடி வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். “ஞாயித்துக்கிழமைன்னு போட்டிருக்குட்டி.” “நேத்து இல்லல்ல? அப்ப நேத்து அவன் அதைத் தொடவே இல்லம்மா. பேங்கையும் மெயிலையும்தான் தேடியிருக்கான். சும்மா மிரட்டியிருக்கான். இப்ப அதை அழுத்தி வெளியே போன்னு குடுத்துருங்க.” “அவன் கேக்கல?” “கேக்கல.” “ஒண்ணுமே கேக்கல?” “அம்மா, ஒண்ணுமே கேக்கல.”

உட்கார்ந்துவிட்டேன். ஹெப்சி மீட்டிங்குக்குப் போய்விட்டாள், அண்ணன்கிட்ட சொல்லமாட்டேன் பயப்படாதீங்க என்று போகும்போது ஒரு கொசுறும் கொடுத்துவிட்டுப் போனாள், மஸ்கட்டில் இருக்கிற என் மகன் ரீகனுக்குத் தெரிந்தால் முதலில் லேப்டாப்பைத்தான் எடுத்து ஒளித்துவைக்கச் சொல்வான். அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து பேருக்குத்தான் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டு வாழைப்பழத்தை நின்றுகொண்டே தின்றேன். எண்பது காட்டியது. வெயில் ஜன்னல் வழியாக மேசைவரைக்கும் வந்துவிட்டது, துண்டின் ஓரத்தில் நூல் பிரிந்திருப்பதெல்லாம் தெரிகிறது, நேற்றிலிருந்து இந்த வீட்டில் எதையும் நான் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. டேனியல் என்று ஒருத்தன் இல்லை, அப்படியானால் நான் செய்த ஜெபம் யாருக்குப் போயிருக்கும். பேர் பொய், இருமல் நிஜம். முகவரி தப்பானாலும் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்க்கிறவர் சேர்ப்பார், சளி குணமாகட்டும், புத்தியும் குணமாகட்டும், அதற்குமேல் அவனைப் பற்றி எனக்கு இன்றைக்கு இடமில்லை. வயலட்டிடம் சொல்ல வேண்டுமா. ஒன்றும் நடக்கவில்லையே, நடக்காததைச் சொல்லி நாளைக்கு ஊசிக்குப் போகிறவளைப் பதறவைப்பானேன். நடக்கவில்லைதான். ஆனால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அவளுடைய குரல் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் இருந்தது, அதுவும் ஒரு நடந்த காரியம்தான். என்னிடம் கொடுத்துவைத்ததை நான் தெருவில் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்துவந்து துடைத்து வைத்துக்கொண்டு, ஒன்றும் ஆகலையே என்று இருந்தால், அடுத்த தடவை அவள் அக்கா உங்களுக்கு மட்டும் என்று சொல்லும்போது நான் எந்த முகத்தோடு சரி என்பேன். இதை யோசித்துக்கொண்டே இருந்தால் யோசித்துக்கொண்டே இருப்பேன் என்று தெரிந்தது, போனை எடுத்துவிட்டேன்.

“ஸ்தோத்திரம்க்கா” என்றாள். எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். “தனியாவா இருக்க?” “ஷைனி ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போயிருக்கா. சொல்லுங்க.” சொன்னேன். சிவப்புத் திரை, டேனியல், ஜெபம், வாக்குத்தத்தம், கரண்ட், மிரட்டல், ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தது, ஒன்றையும் விடவில்லை. கடுகுச் சத்தம் நின்றுபோயிற்று, அடுப்பை அணைத்துவிட்டாள் போல. “அவன் கேக்கல வயலட். நிச்சயமா கேக்கல. இருந்தாலும் உன் காரியம், உன்கிட்ட சொல்லாம எனக்கு இருக்க முடியல. மன்னிச்சிரு.” மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன். பெருமூச்சுதான் விட்டாள். “சே” என்றாள். “என்ன?” “ஊருக்கே அனுப்புதேன்னு சொன்னான்லா, அனுப்பித் தொலைச்சிருக்கலாம்லா.” “ஏட்டி!” “ஆமாக்கா. மூணு நாளா எங்க வீட்டு அவுக முன்னால சோத்தை வச்சிட்டு வாயைத் திறக்கேன், வேற பேச்சுதான் வருது. பொரியலுக்கு உப்பு சரியா இருக்கான்னு கேட்டுட்டு உள்ள போயிருதேன். அவன் அனுப்பியிருந்தான்னா எனக்குச் சொல்லுத வேலை மிச்சம்.” சிரிக்கக்கூடாத இடம் என்று தெரிந்தும் இரண்டுபேரும் சிரித்துவிட்டோம், அவள் சிரிப்பு நடுவிலேயே உடைந்தது. “நாளைக்குத் தனியாப் போவணும்னு நெனச்சா கை காலெல்லாம் விட்டுருதுக்கா.” “நான் வாரேன்ல.” “நாளைக்கில்ல. இன்னைக்கு வாங்க. ஒரு மணிக்கு அவுக கடையை அடைச்சிட்டுச் சாப்பிட வருவாங்க. நீங்க ஒண்ணும் பேசவேண்டாம். பக்கத்துல சும்மா இருங்க. நீங்க இருந்தா சொல்லிருவேன். மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்லணுமோ, அதை அவுக பாத்துக்கட்டும், நான் ஒருத்தியே எவ்வளவுதான் பிடிச்சிட்டு நிக்க.”

சேலையை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால் நூறு ஆகி, திரை வெளுத்து, எந்த நாடு, எந்த பாஷை, உங்கள் பெயர் என்ன என்று பிறந்த குழந்தைபோல் கேட்டுக்கொண்டு நிற்கிறது. வந்து சொல்கிறேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினேன். நல்ல வெயில். தெருவில் காய்கறிவண்டிக்காரர் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தக்காளிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார், என்னம்மா வேகமாப் போறீங்க என்றார், சாப்பாட்டுக்கு ஒரு வீட்டுக்குப் போறேன் என்றேன், பொய்யில்லை. கால் வலி கால் வலி என்று நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்தேன், அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஊசி குத்திப் பார்த்து என்ன சொல்வார்கள், எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள், தெரியாது. அதற்கெல்லாம் ஜெபிக்க வேண்டும், ஆனால் நடந்துகொண்டே ஜெபித்தாலும் போதும். வயலட்டின் கணவர் செல்வினின் பைக் இன்னும் வரவில்லை. அவள் வாசலிலேயே நின்றாள், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, மூக்கெல்லாம் சிவந்து. உள்ளே குக்கர் சீறியது. “பருப்பு வச்சிருக்கேன், எத்தனை விசில்னு எண்ணாம விட்டுட்டேன்க்கா” என்றாள். “தெருமுனையில இருந்தே கேட்டுட்டுதான் வாரேன், மூணாச்சு, போய் அணை” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினேன்.